கடல் கடந்த மாயக்கோட்டை - அத்தியாயம் 7: கெடு மார்ச் 31

சென்ற வாரம் ஒரு கையெழுத்தோடு நிறுத்தியிருந்தோம். 1987 மார்ச் 24. பிரெஞ்சுப் பிரதமர் ஜாக் சிராக்கும் டிஸ்னி நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஐஸ்னரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கைகுலுக்கினார்கள். பாரிசுக்குக் கிழக்கே 32 கிலோமீட்டர் தொலைவில் மார்ன்-லா-வாலே. கோதுமையும், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டும் விளைந்த சமவெளி. அதில் 1,943 ஹெக்டேர், ஏறத்தாழ 4,800 ஏக்கர், டிஸ்னியின் பொழுதுபோக்குப் பூங்காத் திட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது. திண்டுக்கல்லின் பழைய நகராட்சி எல்லை சுமார் 14 சதுர கிலோமீட்டர். இது 19-க்கும் மேல்.

நிலத்துக்கு என்ன விலை? 1971-ஆம் ஆண்டின் விவசாய நில மதிப்பு! நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்த ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயியிடம் 'வழிகாட்டி மதிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும். பிரெஞ்சு அரசு அதோடு நிற்கவில்லை. பாரிஸிலிருந்து ரயில் பாதையைப் பூங்கா வாசல் வரை நீட்டித் தருவதாகவும், நுழைவுச்சீட்டு வரியைக் குறைப்பதாகவும் ஒப்புக்கொண்டது. வேலைவாய்ப்பு வரும் என்ற நம்பிக்கையில் மக்கள் பணம் தண்ணீராய் ஓடியது.

ஐஸ்னருக்கு ஏன் இத்தனை வேகம்? பதில் டோக்கியோவில் இருக்கிறது. 1983 ஏப்ரலில் திறந்த டோக்கியோ டிஸ்னிலாந்து முழுக்க முழுக்க ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சொத்து. டிஸ்னி தன் பணத்தைப் பெரிதாக அதில் போடவில்லை. பெயரையும் பொம்மைகளையும் தந்து உரிமத்தொகை மட்டும் வாங்கிக்கொண்டது. பூங்காவில் கூட்டம் அலைமோதியபோது, லாபமெல்லாம் ஜப்பானியர் கைக்குப் போவதைக் கலிபோர்னியாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. 1984-இல் தலைமைக்கு வந்த ஐஸ்னரும், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஃபிராங்க் வெல்ஸும் அந்த ஏமாற்றத்தை மறக்கவில்லை. ஐரோப்பாவில் உரிமையும் வேண்டும், உரிமத்தொகையும் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

1989 அக்டோபர் 5. பாரிஸ் பங்குச்சந்தைக் கட்டடத்தின் முன்னால் ஐஸ்னர் பேச வந்தார். மிக்கி மவுஸ் வேடதாரியும் உடன் வந்திருந்தார். கூட்டத்திலிருந்து முட்டைகள் பறந்து வந்தன. 'மிக்கியே, திரும்பிப் போ!' என்று முழங்கினார்கள். நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் இந்தப் பூங்காவைப் பண்பாட்டுச் செர்னோபில் என்றே வருணித்தார்.

முட்டை வீசியவர்கள் அமெரிக்கப் பண்பாட்டைக் கண்டு கொதித்தார்கள். ஆனால் ஆபத்து பத்திரத்தில் இருந்தது. பூங்கா நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகளை ஐரோப்பியப் பொதுமக்கள் ஒரு பங்குக்கு 72 பிராங்க் கொடுத்து வாங்கினார்கள். மீதி 49 சதவீதத்தை டிஸ்னி ஒரு பங்கு 10 பிராங்க் கணக்கில் எடுத்துக்கொண்டது. நுழைவுச்சீட்டு வசூலில் 10 சதவீதம், சாப்பாட்டிலும் பொம்மை விற்பனையிலும் 5 சதவீதம் டிஸ்னிக்கு உரிமத்தொகை. நிர்வாகக் கட்டணமாக மொத்த வருவாயில் 3 சதவீதம் தனி.

இதன் பொருள் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் ராட்டினம் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தரைவாடகையை முதலில் எண்ணி வைத்துவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டு கூட்டம் வராவிட்டால் நஷ்டம் அவர் தலையில்தான் விடியும். வாடகை வாங்கியவருக்குக் காசு குறையாது. பாரிஸில் பங்கு வாங்கிய சாதாரண மனிதர் ராட்டினக்காரர். டிஸ்னியோ ராட்டினத்திலும் பாதிக்கூட்டு, தரைவாடகையும் அதற்கே.

கட்டடம் எழுந்தது. ஐஸ்னர் கட்டடக்கலையில் பெரும் மோகம் கொண்டவர். மைக்கேல் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டெர்ன், ஃபிராங்க் கேரி என்று உலகப் புகழ் பெற்றவர்களை எல்லாம் வரவழைத்தார். ஆறு ஹோட்டல்கள், 5,000-க்கும் மேற்பட்ட அறைகள். பாரிஸ் குளிரை நினைத்து ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் கணப்பு அடுப்புகள் கட்டினார்கள். வரிசையில் நிற்பவர் நனையாதிருக்கக் கூரை போட்டார்கள். அந்தக் கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. டிஸ்னி கட்டிய கோட்டைகளிலேயே அழகானது இதுதான் என்பவர்கள் இன்றும் உண்டு. பாரிஸின் லா ஷப்பல் பகுதித் தமிழர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரயிலேறிப் போவதும் இந்தக் கோட்டைக்குத்தான்.

செலவு 20 பில்லியன் பிராங்கைத் தாண்டியது. பெரும்பகுதி கடன். ஹோட்டல்களையும் சுற்றியுள்ள மனைகளையும் நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்பது கணக்கு. மனை விலை ஏறிக்கொண்டே போகும் என்பதை நம்பி நின்ற கணக்கு.

1992 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை, திறப்பு விழா. சாலைகள் நெரிசலில் திணறும், ஐந்து லட்சம் பேர் வரக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அதைக் கேட்டே பலர் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. அன்று பார்த்து ரயில் ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாகன நிறுத்துமிடத்தின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது.

அடுத்த சில மாதங்களில் நடந்தவை, ஒரு தலைமை அலுவலகம் எத்தனை தூரம் ஊரைக் கவனிக்காமல் இருக்க முடியும் என்பதைக் காட்டுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் காலையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று யாரோ சொன்னதை நம்பி, காலை உணவுக் கூடங்களைச் சிறிதாகக் கட்டியிருந்தார்கள். வந்தவர்களோ முட்டையும் இறைச்சியும் கேட்டார்கள். 350 இருக்கைகள் கொண்ட கூடத்தில் 2,500 பேருக்குப் பரிமாற வேண்டிய நிலை. வாசலில் நீண்ட வரிசை, உள்ளே எழுந்திருக்கப் போகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் தட்டோடு நிற்கும் குடும்பங்கள். திங்கட்கிழமை கூட்டம் குறையும், வெள்ளிக்கிழமை கூடும் என்று ஆட்களைப் பிரித்து வைத்தார்கள். நேர்மாறாக நடந்தது. பூங்காவுக்குள் ஒயின் கிடையாது என்ற விதியைப் பிரெஞ்சுக்காரர்களிடமே நீட்டினார்கள். அதைத் தளர்த்த 1993 ஜூன் வரை பிடித்தது. தாடி, மீசை கூடாது என்பதில் தொடங்கி ஊழியர்களுக்கு விதித்த தோற்ற விதிகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. முதல் சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கானோர் வேலையை விட்டுப் போனார்கள்.

1992 ஜூன் 26 அன்று விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வாசலை மறித்தார்கள். அவர்கள் கோபம் அமெரிக்காவின் வேளாண் கொள்கை மீது. அமெரிக்கா என்று கைகாட்ட அந்தச் சமவெளியில் கண்ணுக்குத் தெரிந்தது மிக்கியின் கோட்டைதான். பத்தாண்டுகளுக்கு முன் அதே மண்ணில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூட்டம் வரவில்லை என்பது உண்மையல்ல. ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரே ஆண்டில் வந்தார்கள். வந்தவர்கள் அமெரிக்கர்களைப் போல நான்கு நாள் தங்கவில்லை. காலையில் வந்து மாலையில் பாரிஸ் திரும்பினார்கள். சாப்பாட்டையும் கையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஹோட்டல் அறைகள் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பின. நியூபோர்ட் பே கிளப் என்ற பெரிய ஹோட்டலைக் குளிர்காலத்தில் பூட்டியே வைத்தார்கள். 1992 செப்டம்பரில் இங்கிலாந்தின் பவுண்டும் இத்தாலியின் லிராவும் சரிந்தபோது, அந்த நாட்டுக்காரர்களுக்குப் பிரான்ஸ் எட்டாத விலையாயிற்று. பிரான்ஸில் மனை விலையும் விழுந்தது. விற்றுக் கடனடைக்க நினைத்த ஹோட்டல்களை வாங்க ஆளில்லை. வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறியது.

1993-இல் பூங்காவின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் விலகினார். பிரெஞ்சுக்காரரான பிலிப் பூர்கின்யோன் அந்த இடத்துக்கு வந்தார். நவம்பரில் கணக்கு வெளியானது. ஓராண்டு நஷ்டம் 5.3 பில்லியன் பிராங்க். 72 பிராங்குக்குப் பங்கு வாங்கியவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள். அதே நிதியாண்டில் ஐஸ்னர் தன் பங்கு விருப்ப உரிமைகளைப் பணமாக்கியதோடு சேர்த்துப் பெற்ற ஊதியம் 20 கோடி டாலருக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

ஆண்டு முடியும் தறுவாயில் ஐஸ்னர் ஒரு பிரெஞ்சு வார இதழுக்குப் பேட்டி கொடுத்தார். பூங்காவை மூடுவது உட்பட எதுவும் நடக்கலாம் என்றார். பூங்காவை ஓட்டுவதற்கு டிஸ்னி பணம் தரும், ஆனால் 1994 மார்ச் 31 வரைதான். அதற்குள் வங்கிகள் வழிக்கு வர வேண்டும்.

கடன் கொடுத்த வங்கிகள் 60-க்கும் மேல். பிஎன்பி, இன்டோசுவெஸ் இரண்டும் முன்னால் நின்று பேசின. உங்கள் நஷ்டத்துக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்பது அவர்கள் வாதம். பூங்கா மூடப்பட்டால் ஆயிரக்கணக்கானோர் வேலை போகும். அரசு போட்ட ரயில் பாதை ஆளில்லாத வாசலில் போய் நிற்கும். டிஸ்னி கையில் இன்னொரு துருப்பும் இருந்தது. அது வெளியேறினால் மிக்கியும் கூடவே போய்விடும். பெயரில்லாத கோட்டையை எந்த வங்கி எந்த ஏலத்தில் விற்கும்?

பிப்ரவரி போயிற்று. மார்ச் பிறந்தது. பங்குதாரர் கூட்டம் மார்ச் 14, திங்கட்கிழமை. கெடுவுக்கு இன்னும் பதினேழே நாள். அன்று விட்டுக்கொடுத்தது வங்கிகளா, ஐஸ்னரா? அந்த முடிவு வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 3 அன்று நெவாடா மலைகளிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டரில் ஃபிராங்க் வெல்ஸ் ஏன் ஏறினார்?

(அடுத்த வாரம் தொடரும்)