20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை 4 முறை சார்ஜ் செய்யாதது ஏன்?

கணக்குப்படி 4 முறை வரணும். ஆனால் மூன்றாவது முறை முடிவதற்குள்ளேயே பல பவர் பேங்க்குகள் படுத்துவிடும். ஏமாற்றிவிட்டார்களா? எப்போதும் அப்படி இல்லை. அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண் மட்டும் போதும் என்று நாம் நினைப்பதுதான் சிக்கல்.

திருப்பதி ஆலை சொல்லும் கணக்கு

ஸ்ரீசிட்டி, வரதய்யபாளையம் எல்லாம் அடங்கிய திருப்பதி மாவட்டத்தில்தான், சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸின் லித்தியம் செல் ஆலை இருக்கிறது. 2022 செப்டம்பரில் அதன் முன்னோட்ட உற்பத்தியை அப்போதைய மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். தினமும் 10 ஏஎச் செல்கள் 20,000. ஆண்டுத் திறன் 270 மெகாவாட் அவர் என்றது அறிவிப்பு.

ஏஎச் எப்படி வாட் அவர் ஆனது? நடுவில் வோல்ட் இருக்கிறது. இவ்வகை செல்லின் சராசரி 3.7 வோல்ட். 10 ஏஎச்சை அதால் பெருக்கினால் 37 வாட் அவர். 20,000 செல்களுக்கு 740 கிலோவாட் அவர். 365 நாளுக்குப் போட்டுப் பாருங்க, 270 மெகாவாட் அவர் வந்துவிடும்.

உங்கள் பவர் பேங்க்கில் இருப்பது 74 வாட் அவர். அதை 5 வோல்ட்டாக மாற்றி வெளியே அனுப்பும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம். அதனால்தான் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று 12,000 சொச்சம் போட்டிருப்பார்கள். வாங்கும்போது அதைப் பாருங்க.

விமானத்திலும் வாட் அவர்தான் கணக்கு. 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 30,000 எம்ஏஎச் என்றால் 111 வாட் அவர். செக்யூரிட்டி வரிசையில் போய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமே!

'சி' என்றால்?

எவ்வளவு வேகமாகக் காலி செய்கிறோம் என்பதன் அளவு. 10 ஏஎச் செல்லில் 1சி என்றால் 10 ஆம்பியர், ஒரு மணி நேரம். 2சி என்றால் 20 ஆம்பியர், அரை மணி நேரம். ஆனால் மின்னோட்டம் இரட்டிப்பானால் உள்தடையால் எழும் வெப்பம் நான்கு மடங்காகும்.

வீட்டு இன்வெர்ட்டரின் லெட் ஆசிட் பேட்டரியில் இது இன்னும் கறார். 150 ஏஎச், சி20 என்றால் 7.5 ஆம்பியராக 20 மணி நேரம் எடுத்தால்தான் அந்த 150. நாலு ஃபேன், டிவி என்று ஒரேயடியாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. அதே 150-ஐ சி10-ல், அதாவது 15 ஆம்பியரில் தரும் பேட்டரி உண்மையிலேயே பெரியது. விலை கேட்பதற்கு முன் சி10-ஆ, சி20-ஆ என்று கடையில் கேளுங்க.