ஆணிக்கு ஊசி, அறிவிப்புக்கு யோசனை: மறுதவணைத் தடுப்பூசியும் மக்கள் மனமும்

காலில் துருப்பிடித்த ஆணி ஏறினால் தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் வைத்துக் கட்டியவரும்கூடச் சாயங்காலத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தெருமுனை கிளினிக்குக்கோ போய், ‘ஒரு டிடி ஊசி போட்டுடுங்க’ என்று கையை நீட்டுவார். ஆறு மாதத்துக்கு முன்புதான் போட்டிருப்பார். தவணைகளை முறையாக முடித்தவருக்கு அதுவே போதும். ஆனாலும் கேட்டு வாங்கிக்கொள்வார். ரணஜன்னிக்கு எதிரான இந்த ஊசியும் மறுதவணைதான். அதே மனிதர் 2022-இல் கொரோனாவுக்கான மூன்றாம் தவணைக்கு அழைத்தபோது ‘பார்க்கலாம்’ என்று நகர்ந்துவிட்டார். இந்த இரண்டு நடத்தைகளில் பின்னதை மட்டும் எடுத்துத் ‘தடுப்பூசித் தயக்கம்’ என்று பெயரிட்டுவிடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், அந்தப் பெயர் பாதிதான் பொருந்துகிறது.

தடுப்பூசி பிறந்தபோது மறுதவணை என்ற எண்ணமே கிடையாது. 1798-இல் தன் நூலை வெளியிட்ட எட்வர்ட் ஜென்னர், பசு அம்மையை ஒருமுறை குத்திக்கொண்டால் ஆயுள் முழுக்கக் காப்பு என்று நம்பினார், ஊரையும் நம்பவைத்தார். 1820-களில் அந்த வாக்குறுதி ஆட்டம் கண்டது. குத்திக்கொண்டவர்களுக்கும் வளர்ந்தபின் பெரியம்மை கண்டது. காப்பு காலப்போக்கில் தேய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள முதலில் தயங்கியவர்கள் பொதுமக்கள் அல்லர், மருத்துவர்களே. மீண்டும் குத்தும் முறை, சம்மதம் கேட்க வேண்டாத இடத்தில்தான் முதலில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது: படைமுகாமில். 1829-இல் வூர்ட்டம்பர்க் படையும் 1834-இல் பிரஷ்யப் படையும் வீரர்களுக்கு மறுபடி குத்தத் தொடங்கின.

1870-71 பிரான்ஸ்–பிரஷ்யப் போரை ஒட்டி ஐரோப்பா முழுக்கப் பெரியம்மை பரவியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 42,000 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் ஜெர்மனியும் இங்கிலாந்தும் எடுத்த வழிகள் வேறு. ஜெர்மனி 1874-இல் கொண்டுவந்த சட்டம், குழந்தைப் பருவத்தில் ஒருமுறையும் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில் மறுமுறையும் கட்டாயம் என்றது. இங்கிலாந்தின் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் கைக்குழந்தைகளை மட்டுமே கட்டாயப்படுத்தியிருந்தது. மறுதவணை அவரவர் விருப்பமாகவே நீடித்தது. 1885-இல் லெஸ்டர் நகரில் திரண்ட பெருங்கூட்டத்தை மறுதவணை எதிர்ப்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவர்கள் எதிர்த்தது பெற்றோருக்கு அபராதமும் சிறையும் விதித்த கட்டாயத்தை. ஜெர்மானியரின் பணிவை ஏற்பு என்று வாசிப்பதும் தவறுதான். பள்ளியில் வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளையிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

விருப்பத்துக்கு விட்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு 1947-இன் நியூயார்க் நல்ல சான்று. மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பயணி வழியாகப் பெரியம்மை நகருக்குள் நுழைந்தது. நோய் கண்டவர்கள் 12 பேர். இறந்தவர்கள் 2 பேர். மேயர் வில்லியம் ஓ’ட்வையர் கேமராக்கள் முன் சட்டைக் கையைச் சுருட்டினார். ஏறக்குறைய ஒரே மாதத்தில் 60 லட்சம் பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டதாகக் கணக்கு. அவர்களில் ஏராளமானோர் சிறுவயதிலேயே குத்திக்கொண்டவர்கள். சட்டம் எதுவும் அவர்களைத் துரத்தவில்லை.

நோய் அருகில் தெரிந்தால் மறுதவணையும் ஏற்கப்படும் என்ற இந்த உண்மை, இந்தியாவில் பெரியம்மையை ஒழித்த முறையிலும் பொதிந்திருக்கிறது. 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டம் முதலில் எல்லோருக்கும் குத்திவிடும் இலக்கோடு ஓடியது. எண்ணிக்கை ஏறியது, நோய் போகவில்லை. 1970-களில் உத்தி மாறியது. பணியாளர்கள் நோயாளியின் படம் போட்ட அட்டையுடன் சந்தைகளிலும் பள்ளிகளிலும் விசாரித்தார்கள். தகவல் சொல்பவருக்கு வெகுமதி உண்டு. அது கடைசியில் 1,000 ரூபாய்வரை உயர்ந்தது. நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்தவர்களுக்கு, முன்பு குத்தியிருந்தாலும் மறுபடி குத்தினார்கள். அங்கேயும் எதிர்ப்பு இருந்தது, சில இடங்களில் பலவந்தமும் நடந்தது. ஆனால் ‘எனக்கு எதற்கு இன்னொன்று?’ என்ற கேள்விக்குப் பக்கத்து வீடே பதிலாக இருந்தது. 1975 மே மாதத்துடன் நோய் அடங்கியது.

நாய்க்கடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது நம் ஊரில் தலைமுறைகளின் அச்சம். அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004 இறுதியில்தான் நிறுத்தப்பட்டது. அதுவரை வலித்தாலும் பதினான்கையும் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம்.

போலியோ சொட்டு மருந்து இதற்கு நேரெதிரான சோதனை. நோய் கண்ணில் படுவது அரிதாகிக்கொண்டே போக, சுற்றுகளோ கூடிக்கொண்டே போயின. 1995-இல் தொடங்கிய முகாம்களைத் தமிழ்நாட்டுத் தாய்மார் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அதே மருந்து சந்தேகத்தைக் கிளப்பியது. காய்ச்சலுக்கு மாத்திரை தராத அரசு இதை மட்டும் ஏன் வாசல் தேடி வந்து திரும்பத் திரும்பத் தருகிறது? என் கணிப்பில் இது மூடநம்பிக்கை அல்ல, நியாயமான கேள்வி. மருத்துவமனையை அன்றாடம் பயன்படுத்தும் ஊரில் சொட்டு மருந்தும் அதன் ஒரு பகுதி. வேறெதற்கும் அரசு எட்டிப்பார்க்காத ஊரில் அதுவே விநோதம்.

இந்தப் பின்னணியில்தான் 2022-ஐப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு தவணைகளின்போது கொரோனா அலையின் நினைவு பசுமையாக இருந்தது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாளில் மறைந்ததும் தமிழகத்தில் பயம் பரவியது. அவர் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற வல்லுநர் குழுவின் முடிவு வந்தது அக்டோபரில். ஆனால் அதற்கு முன்பே இரண்டாம் அலை மக்களை முகாமுக்கு அழைத்துவந்திருந்தது. செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறன்று கறி, மது என்று இருப்பவர்கள் ஊசிக்குத் தயங்குகிறார்கள் எனப் பின்னர் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது அரசு. மக்களின் சாக்கையும் கணக்கில் எடுத்த நிர்வாகம்!

முன்னெச்சரிக்கைத் தவணை என்ற பெயரில் மூன்றாம் தவணை 2022 ஜனவரி 10 அன்று முன்களப் பணியாளர்களுக்கும் இணைநோயுள்ள முதியோருக்கும் தொடங்கியது. அதற்குள் ஒமிக்ரான் பலர் வீட்டில் மூன்று நாள் காய்ச்சலாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 10 முதல் 18 வயதைத் தாண்டிய மற்றவர்களும் போடலாம் என்றார்கள். ஆனால் தனியார் மையத்தில், காசு கொடுத்து. ஊசி 225 ரூபாய், போடுவதற்கு 150 ரூபாய்வரை. ஜூலை நடுவில் வந்த அரசுக் கணக்கின்படி, 18–59 வயதினர் 77 கோடிப் பேரில் 1 சதவீதத்துக்கும் குறைவானோரே போட்டிருந்தார்கள். இலவசமாகக் கிடைத்த முதியோரும் முன்களப் பணியாளரும் அடங்கிய 16 கோடியில் சுமார் 26 சதவீதம்.

இந்த எண்ணை நாளேடுகள் மக்களின் அலட்சியமாகவே வாசித்தன. இரண்டாம் தவணைக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒன்பது மாதம் ஆக வேண்டும் என்ற விதியை அவை மறந்துவிட்டன. 2021 இறுதியில் இரண்டாவது போட்ட இளைஞருக்கு அந்த ஜூலை தொடக்கம்வரை தகுதியே வந்திருக்காது. இடைவெளி ஆறு மாதமாகக் குறைந்ததே ஜூலை 6-இல்தான். ஜூலை 15 முதல் 75 நாள்கள் எல்லோருக்கும் இலவசம் என்றானதும் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. விலையும் இடைவெளியும் எவ்வளவு தூரம் தடுத்திருந்தன என்பதற்கு இதுவே சான்று. இருந்தும் இரண்டாம் தவணை ஏறக்குறைய 95 கோடியாக இருக்க, மூன்றாவது 23 கோடியை ஒட்டியே நின்றது. மிச்சத்தை விலையால் விளக்க முடியாது.

தேவை சரிந்ததால் 2021 டிசம்பரிலேயே கோவிஷீல்டு உற்பத்தியை நிறுத்திய சீரம் நிறுவனம், சுமார் 10 கோடித் தவணைகள் காலாவதியாயின என்று 2022 அக்டோபரில் சொன்னது. இரண்டு மாதம் கழித்துச் சீனாவில் தொற்று பெருகிய செய்தி தொலைக்காட்சிகளில் ஓடத் தொடங்கியதும் பூஸ்டர் பற்றிய விசாரிப்புகள் திரும்பவும் கூடின. அந்த டிசம்பர் இறுதியில் அதே நிறுவனம் 2 கோடித் தவணைகளை அரசுக்கு இலவசமாகத் தர முன்வந்தது.