கறி – கரீல் – கர்ரி

'கர்ரி' என்னும் ஆங்கிலச் சொல் நம் 'கறி'யினின்று பிறந்தது என வகுப்பறையில் நாம் பன்முறை சொல்லியிருக்கிறோம். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, 1390-லேயே இங்கிலாந்தில் 'கியூரி' என்ற பெயரோடு சமையல் நூல் இருந்ததாமே? அப்படியானால் அது அவர்கள் சொல்தானே?" என்றார். உடனே விடையிறுக்க நம்மால் இயலவில்லை. பின்னர்த் தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

மாணவர் சொன்ன நூல் உண்மையே. இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் அரண்மனைச் சமையலர் 1390-ஐ ஒட்டித் தொகுத்தது அது. 'ஃபார்ம் ஆஃப் கியூரி' என்னும் தலைப்பு, 1780-இல் அதனைப் பதிப்பித்த சாமுவேல் பெக் இட்டது. அங்குக் 'கியூரி' என்பது சமையற்கலையைக் குறிக்கும். சமைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தனியோர் உணவின் பெயர் அன்று. குதிரையைத் தேய்த்துச் சீராக்குதலைக் குறிக்கும் 'கர்ரி' என்னும் வினையும் ஆங்கிலத்தில் உண்டு. அதுவும் பிரெஞ்சு வழி வந்த வேறு சொல்லே. ஒலி ஒத்தால் மட்டும் உறவு ஆகிவிடாது.

உணவைக் குறிக்கும் சொல்லின் தடம் கீழைக் கடற்பயணங்களில் கிடைக்கிறது. 1563-இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துகீசிய மருத்துவர், கோழியும் இறைச்சியும் இட்டுச் சமைக்கும் 'கரீல்' பற்றி எழுதுகிறார். கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளியிட்ட இலங்கை வரலாற்றில், சோற்றுக்குச் சுவை கூட்டும் துணையுணவே கறி என்கிறார். யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்கும் பொருள் இதுவே. ஆனால் நாக்ஸ் அதனைப் போர்த்துகீசியச் சொல் என்றே குறிப்பிடுகிறார்! கைமாறி வந்த பொருளுக்குக் கடைசியாகக் கொடுத்தவரே உரியவராகத் தோன்றுவது இயல்புதானே.

1747-இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலில் 'இந்திய முறைக் கறி' இடம்பெறுகிறது. அதன் முதற்பதிப்பில் மிளகாய் இல்லை, மஞ்சளும் இல்லை. காரத்துக்கு முப்பது மிளகு, மணத்துக்கு வறுத்த கொத்துமல்லி விதை, அவ்வளவே.

இந்த மிளகு நம்மைச் சங்க இலக்கியத்துக்கே திருப்பி அழைத்துச் செல்கிறது. அங்குக் 'கறி' என்பதே மிளகுதான். யவனர் பொன் கொணர்ந்து முசிறியில் ஏற்றிச் சென்றது கறி (அகநானூறு 149). காவிரிப்பூம்பட்டினத்துக்கு மூடைகளாக வந்ததும் கறியே எனப் பட்டினப்பாலை காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில், மாதுளங்காயின் துண்டுகளோடு கறிப்பொடியும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைத்த உணவு வருகிறது. மிளகிட்டுச் சமைத்ததற்கும் பின்னர் அப்பெயரே ஆயிற்று என்பாரும், பல்லால் கடித்தலைக் குறிக்கும் 'கறித்தல்' என்னும் வினையிலிருந்து பொருள் காண்பாரும் உளர். அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழி வந்த மிளகாய், மிளகின் பெயரையும் அடுப்படியில் அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது. இன்று 'கறி' என்றால் சில வீடுகளில் இறைச்சி, சில வீடுகளில் காய். மிளகு என்று எவரும் கொள்வதில்லை.

இவ்வாறு மாணவருக்கு விடை கிடைத்தது. எனினும் நம் பெருமிதத்திலும் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. போர்த்துகீசியர் முதலில் இறங்கியது மேலைக் கடற்கரையில். மலையாளத்திலும் கன்னடத்திலும் இச்சொல் உண்டு. ஆங்கில அகராதிகள் தமிழைச் சுட்டினும், போர்த்துகீசியர் காதில் முதலில் விழுந்தது எவர் வாய்ச்சொல் என்று அறுதியிட வழியில்லை. கறி தமிழின் சொல்தான். தமிழுக்கு மட்டுமே உரிய சொல் அன்று. உடன்பிறந்தார் கூட்டுச் சொத்தைத் தனியுடைமை என்று சொல்லாதிருப்பதும் மொழிப்பற்றே. அடுத்த வகுப்பில் இதையும் சேர்த்தே சொன்னோம்.