எச்.ஐ.வி முன்தடுப்பு மருந்துப் பயன்பாட்டுத் தடைகள் (ஐக்கிய அமெரிக்கா)

எச்.ஐ.வி முன்தடுப்பு மருந்து (சுருக்கமாக பிரெப்) என்பது எச்.ஐ.வி தொற்று இல்லாத ஒருவர், தொற்று ஏற்படாமல் தடுக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்து ஆகும். ஒழுங்காக எடுத்துக்கொண்டால் உடலுறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பை இது ஏறத்தாழ 99% குறைக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் புதிய தொற்றுகளில் பெரும்பாலானவை தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களிடையே ஏற்படுகின்றன. ஆயினும் அவர்களுள் மிகவும் தேவைப்படுவோரையே இம்மருந்து குறைவாகச் சென்றடைந்துள்ளது.

வரலாறு

டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபின் ஆகிய இரண்டும் சேர்ந்த துருவாடா மாத்திரை 2004 இல் எச்.ஐ.வி சிகிச்சைக்காக அறிமுகமானது. ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் நடத்தப்பட்ட ஐபிரெக்ஸ் ஆய்வின் முடிவுகள் 2010 இல் வெளியாயின. மாத்திரை வழங்கப்பட்ட குழுவில் தொற்று 44% குறைந்திருந்தது. குருதியில் மருந்து காணப்பட்டவர்களிடம் பயன் இதைவிட மிக அதிகமாக இருந்தது. சூலை 2012 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதனை முன்தடுப்புக்கு அனுமதித்தது.

தடைகள்

விலையும் காப்பீடும்

2019 இல் துருவாடாவின் பட்டியல் விலை ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2020 இறுதியில் பொதுப்பெயர் மருந்துகள் வரத் தொடங்கியபின் மாத்திரையின் விலை பல மடங்கு குறைந்தது. தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2019 இல் இம்மருந்தை உயர்நிலைப் பரிந்துரையில் சேர்த்ததால், பெரும்பாலான தனியார் காப்பீடுகள் இதனைக் கட்டணமின்றி வழங்க வேண்டியதாயிற்று. டெக்சசு மாநிலத்தில் சில நிறுவனத்தார் சமயக் காரணம் காட்டி இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். சூன் 2025 இல் உச்ச நீதிமன்றம் பணிக்குழுவின் அமைப்பு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் காப்பீடே இல்லாதோருக்கு மருத்துவர் கட்டணமும் ஆய்வகக் கட்டணமும் சுமையாகவே உள்ளன.

மருத்துவர்கள்

எச்.ஐ.வி சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் தொற்று உள்ளவர்களையே பார்க்கின்றனர். தொற்று இல்லாதவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர்களில் பலருக்கு இம்மருந்தில் பழக்கம் இல்லை. மருந்தை எழுதித் தருவது மற்றவரின் பணி என இரு தரப்பினரும் கருதுவதால் நோயாளி இடையில் விடப்படுகிறார்.

களங்க உணர்வும் மறைகாப்பும்

மருந்தைக் கேட்கும் ஒருவர் தம் பாலியல் வாழ்வை மருத்துவரிடம் கூற வேண்டியுள்ளது. தொடக்க ஆண்டுகளில் இதனைப் பயன்படுத்தியோர் ஒழுக்கமற்றவர்கள் என தன்பாலீர்ப்பினர் சிலராலேயே இகழப்பட்டனர். அந்த வசைச் சொல்லையே சட்டையில் அச்சிட்டு அணிந்து சிலர் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். சிகிச்சைக்கும் இதே மாத்திரை பயன்படுவதால், வீட்டில் அதைக் காண்பவர் உட்கொள்பவருக்கு நோய் இருப்பதாக எண்ணக்கூடும். 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கும் இளைஞர்களின் சிகிச்சை விவரம் பெற்றோருக்கு அஞ்சலில் சென்றுவிடலாம் என்ற அச்சமும் உண்டு.

தொடர்ந்து உட்கொள்ளுதல்

பொதுவாக மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எச்.ஐ.வி சோதனையும் குறிப்பிட்ட காலங்களில் சிறுநீரகச் சோதனையும் தேவை. மருத்துவமனை தொலைவில் உள்ளவர்களும் பணியில் விடுப்புக் கிடைக்காதவர்களும் இடையில் நிறுத்திவிடுகின்றனர்.

இன வேறுபாடு

அப்போதைய நிலை தொடர்ந்தால் கறுப்பினத் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களில் இருவரில் ஒருவருக்கும், வெள்ளையின ஆண்களில் 11 பேரில் ஒருவருக்கும் வாழ்நாளில் எச்.ஐ.வி ஏற்படும் என நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 இல் மதிப்பிட்டது. அம்மையத்தின் 2021 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பாலினம் எதுவாயினும் மருந்தால் பயன்பெறத்தக்க வெள்ளையர்களில் 78% பேருக்கும் கறுப்பினத்தவரில் 11% பேருக்கும் மட்டுமே அது பரிந்துரைக்கப்பட்டிருந்தது. புதிய தொற்றுகளில் ஏறத்தாழ பாதி ஏற்படும் தென் மாநிலங்களில் பல, வறியோருக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை விரிவாக்காதது இதற்கு ஒரு காரணமாகும்.

ஊசி மருந்துகள்

இரு மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கபோடெக்ரவிர் ஊசி 2021 இலும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் லெனகாபவிர் ஊசி 2025 இலும் அனுமதி பெற்றன. இவை நாள்தோறும் மாத்திரை உட்கொள்வதையும் அதை வீட்டில் மறைத்து வைப்பதையும் தேவையற்றதாக்குகின்றன. ஆனால் அறிமுகமானபோது லெனகாபவிரின் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் மேல் இருந்ததால், விலை என்னும் பழைய தடை மீண்டும் எழுந்துள்ளது.