கார்பன் நானோகுழாய் சில்லுகள்: சவாலாக நீடிக்கும் தூய்மையும் வரிசையும்

மின்னணுச் சில்லுகளில் சிலிக்கானுக்கு மாற்றாக ஆராயப்படும் பொருள்களில் கார்பன் நானோகுழாய் முதன்மையானது. டிரான்சிஸ்டர்கள் சிறிதாகச் சிறிதாக, அணைந்த நிலையிலும் சிலிக்கான் வழியே மின்சாரம் கசிகிறது. ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தகட்டைச் சுருட்டியது போன்ற நானோகுழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர் மட்டுமே என்பதால், அதில் மின்னோட்டத்தை நன்கு கட்டுப்படுத்த இயலும்.

ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர் சுமியோ இஜிமா 1991-ஆம் ஆண்டு பலசுவர்க் குழாய்களை விவரித்தார். ஒற்றைச்சுவர்க் குழாய்கள் 1993-இல் அறியப்பட்டன. 1998-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் தனித்தனியே நானோகுழாய் டிரான்சிஸ்டரை உருவாக்கிக் காட்டின. ஒரு குழாயில் வென்றதை ஒரே சில்லில் பல கோடி முறை செய்வதே அன்று முதல் உள்ள சிக்கல்.

மீத்தேன் போன்ற வாயுவை உயர் வெப்ப உலையில் செலுத்தும்போது, இரும்பு முதலான வினையூக்கித் துகள்களின் மீது கார்பன் அணுக்கள் சேர்ந்து குழாயாக வளர்கின்றன. தகடு எந்தக் கோணத்தில் சுருள்கிறது என்பதே குழாயின் மின் இயல்பைத் தீர்மானிக்கிறது. வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு உலோகத்தன்மையும் எஞ்சியவை குறைக்கடத்தித் தன்மையும் பெறுகின்றன. உலோகக் குழாய் இடம்பெற்ற டிரான்சிஸ்டரை முழுமையாக அணைக்க முடியாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2013-இல் இதற்கு ஒரு வழி கண்டது. குவார்ட்ஸ் படிகத்தின் மீது இணையாக வளர்ந்த குழாய்களைச் சிலிக்கான் தகட்டுக்கு மாற்றினர். பின்னர் குறைக்கடத்திக் குழாய்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு வலுவான மின்னோட்டம் செலுத்த, அதைக் கடத்திய உலோகக் குழாய்கள் மட்டும் எரிந்து போயின. 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்த முதல் நானோகுழாய்க் கணினி எண்ணவும் எண்களை வரிசைப்படுத்தவும் செய்தது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2019-இல் 14,000-க்கும் அதிகமான டிரான்சிஸ்டர்களுடன் 16-பிட் செயலியை வெளியிட்டது. அது காட்டிய வாழ்த்துச் செய்தியைவிட அதன் சுற்று வடிவமைப்பே கவனத்துக்குரியது. முன்பு 10 கோடிக் குழாய்களில் ஒன்று மட்டுமே உலோகமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. உலோகக் குழாயால் அதிகம் பாதிக்கப்படும் சுற்றுச் சேர்க்கைகளை வடிவமைப்பிலேயே தவிர்த்ததால், 10,000-இல் ஒன்று இருந்தாலும் செயலி இயங்கும் என்றானது. அத்தூய்மை கொண்ட குழாய்கள் சந்தையிலேயே கிடைக்கின்றன.

அதே குழு 2020-இல், கரைசலில் மிதக்கும் குழாய்களைத் தகட்டில் படியவைக்கும் நேரத்தை 48 மணியிலிருந்து 150 விநாடியாகக் குறைத்து, வணிகச் சில்லு ஆலைகளில் 200 மில்லிமீட்டர் தகடுகளில் டிரான்சிஸ்டர்களைத் தயாரித்தது. எனினும் அவற்றில் குழாய்கள் பல திசைகளிலும் சிதறிக் கிடந்தன.

சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் மறுகோடியை எட்டியது. பாலிமர் கொண்டு மீண்டும் மீண்டும் பிரித்தெடுத்து, 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான உலோகக் குழாய்களுடன், ஒரு மைக்ரோமீட்டருக்கு 100 முதல் 200 வரை இணையாக அடுக்கியது. ஆனால் அது ஆய்வகத்தில், 10 சென்டிமீட்டர் தகட்டில் நிகழ்ந்தது.