ஓசை அடக்கும் குழாய்



மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவோர் அதன் எஞ்சினைப் புகழ்வர், வேகத்தை வியப்பர், பெட்ரோல் தொட்டியின் பளபளப்பைக் கண்டு மகிழ்வர். பின்சக்கரத்தின் ஓரமாக நீண்டு கிடக்கும் சைலென்ஸரைப் பற்றி இரண்டு நல்ல சொற்கள் சொல்வாரைக் காண்பது அரிது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த நாளில்தான் அப்படி ஓர் உறுப்பு உண்டென்பதே நம் நினைவுக்கு வருகிறது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு புல்லட் வண்டிக்கு மாற்றுச் சைலென்ஸர் தேடும் அலுவல் அண்மையில் எனக்கு வாய்த்தது. கடைத்தெருவில் தொடங்கிய தேடல் சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தச் சரித்திரத்தை அறிந்த பின்னரே எதை வாங்குவது என்ற தெளிவும் பிறந்தது. அதனையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலில், சைலென்ஸர் செய்யும் வேலை யாது? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த வாயு மிகுந்த வெப்பமும் அழுத்தமும் உடையதாக இருக்கும்போதே வால்வு திறக்கிறது. அது திடீரென வெளியே பாய்வதால் எழுவதே நாம் கேட்கும் முழக்கம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இது நிகழும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், நொடிக்கு 25 முறை முழங்குகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பெருவெள்ளத்தை ஏரி தன்னுள் வாங்கி, மதகின் வழியே அளவாக விடுகிறதன்றோ? அதுபோலவே சைலென்ஸரும் வாயுவை அகன்ற அறையில் விரியச் செய்து, தடுப்புத் தகடுகளாலும் துளையிட்ட குழாய்களாலும் வேகத்தைத் தணித்து வெளியே அனுப்புகிறது. மற்றொரு வகையில், துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைத் திணித்திருப்பர். ஒலியை அவ்விழை உறிஞ்சிக்கொள்ளும். இழை கருகிப்போனால் உறிஞ்சும் ஆற்றலும் போய்விடும்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ் என்பாரும் அவருடைய சகோதரரும், 1897ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். அந்நாட்டார் இதனை மப்ளர் என்பர். மார்கழிப் பனியில் நம்மவர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் மப்ளரும் அதே சொல்தான்.

கருவி பிறந்துவிட்டது. ஆயினும் அதனைப் பூட்டிக்கொள்ளும் மனம் எல்லோருக்கும் உடனே பிறந்துவிடவில்லை. சைலென்ஸர் வேகத்தைக் கெடுக்கும் என்பது பந்தயக்காரர்களின் எண்ணம். அவ்வெண்ணம் சோதிக்கப்பட்ட இடம் புரூக்லண்ட்ஸ்.

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து வெய்பிரிட்ஜ் என்னும் ஊரின் அருகே, ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் 1907ஆம் ஆண்டில் மோட்டார் பந்தயத்திற்கென்றே ஒரு தளம் அமைத்தார். சுற்றளவு ஏறத்தாழ இரண்டே முக்கால் மைல். வளைவுகளில் சாய்ந்து உயர்ந்த கான்கிரீட் பாதை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எஸ். எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் கார் ஒன்றை இரவும் பகலுமாக 24 மணி நேரம் ஓட்டி 1,581 மைல் கடந்தார். உலகம் வியந்தது, அக்கம்பக்கத்தாரோ உறக்கமிழந்தனர். அவர்கள் முறையிட்டதன் பயனாக இரவு ஓட்டம் நின்றது. பின்னர் 1929ஆம் ஆண்டில் 24 மணி நேரப் பந்தயம் ஒன்று நடத்த விரும்பியபோது, ஒரு நாள் 12 மணி, மறுநாள் 12 மணி என அதனை இரண்டாகப் பிரித்தனர். இடைப்பட்ட இரவில் வண்டிகளைப் பூட்டி வைத்தனர்.

பகல் நேர முழக்கமும் விவாதத்திற்கு வந்தது. 1924ஆம் ஆண்டில் சுற்றுப்புறவாசிகள் நீதிமன்றம் சென்றனர். மறு ஆண்டில் வழக்கு ஓர் உடன்பாட்டில் முடிந்தது. பந்தய வண்டிகளுக்கும் சைலென்ஸர் கட்டாயமாயிற்று. பருத்த டப்பாவும், மீன்வால் போலத் தட்டையாக விரிந்த முனையும் கொண்ட அச்சைலென்ஸருக்குப் 'புரூக்லண்ட்ஸ் கேன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதனால் வேகம் குன்றிற்றா? 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வால் ஹாண்ட்லி என்ற வீரர், அதே தளத்தில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 500 சி.சி. வண்டியில் மணிக்கு 107 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்றை ஓடி முடித்தார். மணிக்கு 100 மைலைக் கடந்தோர்க்கு அங்கு வழங்கப்பட்ட சிறு பொன் நட்சத்திரம் அவருக்குக் கிடைத்தது. அதன் நினைவாகவே பி.எஸ்.ஏ. நிறுவனம் மறு ஆண்டில் 'கோல்ட் ஸ்டார்' என்ற புகழ்பெற்ற வண்டியை வெளியிட்டது. சைலென்ஸர் இன்றி ஓடலாகாது என்ற தளத்தில் பிறந்த பெயர் அது! இன்று நம் கடைகளில் புல்லட் வண்டிக்குக் 'கோல்ட் ஸ்டார்' என்று கேட்டால், பெரும்பாலும் நாலு தெருவுக்கு முழங்கும் குழாயையே எடுத்துத் தருகிறார்கள். பெயர் வந்த வரலாற்றை அறிந்தோர் நகைக்காமல் இருப்பது கடினம்.

இனி நம் ஊர் வண்டிக்கு வருவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901ஆம் ஆண்டில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 350 சி.சி. புல்லட் உருவாயிற்று. 1967ஆம் ஆண்டில் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உற்பத்தியே முடிவுற்றது. தாய்நாட்டில் மறைந்த வண்டி சென்னைக் கடற்கரையோரத்தில் தொடர்ந்து வாழ்ந்தது.

அவ்வாறு திருவொற்றியூரில் பிறந்த வண்டி ஒன்றை என் தந்தையார் 1968ஆம் ஆண்டில் வாங்கினார். இப்போது அது என் பொறுப்பில் இருக்கிறது. எனக்குப் பின் என் தம்பி மகனிடம் போய்ச் சேரும். அதன் சைலென்ஸர் உள்ளிருந்தே அரித்துப்போயிற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறி அந்த ஆவியை வெளியேற்றிவிடும். கடைத்தெரு வரை சென்று திரும்பும் வண்டியிலோ அது குளிர்ந்து நீராகித் தங்கி இரும்பைத் தின்னும்.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழையதற்கு ஒட்டுப் போடுவது. வெளி ஓட்டையை வெல்டிங் வைத்து மூடலாம். ஆனால் குலுக்கிப் பார்த்தபோது உள்ளே தகடுகள் கலகலத்தன. அவற்றை யார் ஒட்டுவது? இரண்டாவது, முழக்கத்திற்கென்றே விற்கும் குழாய். தம்பி மகனின் விருப்பம் இதுவே. "பெரியப்பா, புல்லட் என்றால் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டாமா?" என்றான். மூன்றாவது, பழைய அளவிலேயே உள்தடுப்புகளோடு செய்த புதிய சைலென்ஸர்.

வாங்க விரும்புவோர்க்குச் சில சோதனைகளைச் சொல்கிறேன். 'புல்லட்டுக்கு ஏற்றது' என்ற சொல்லை மட்டும் நம்பலாகாது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், அதற்குப் பின்வந்த எஞ்சின், 2023ஆம் ஆண்டில் வந்த எஞ்சின் எல்லாவற்றுக்கும் புல்லட் என்பதே பெயர். ஆகவே குழாயின் வெளி விட்டம், சைலென்ஸர் வாயின் உள் விட்டம், நீளம், தாங்கு பட்டையின் இடம் ஆகியவற்றை அளந்து செல்ல வேண்டும். பலவந்தமாக வளைத்துப் பூட்டிய சைலென்ஸர் அதிர்ச்சியில் விரிசல் விடும். கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும். தடுப்புத் தகடு வகை என்று சொல்லி விற்றால், ஒரு முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். மறுமுனை வெளிச்சம் நேராகத் தெரிந்தால் ஒலியும் நேராகவே போய்விடும். பூட்டியபின் மூட்டில் கசிவு இருந்தால், வேகத்தைக் குறைக்கும்போது படபடவென்று வெடிக்கும். சில நாள் ஓட்டிய பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை இளம்பழுப்பாக இருப்பது நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை; கரி படிந்திருந்தால் மிகுந்துவிட்டது என்று பொருள். தடையற்ற குழாயைப் பூட்டியவர்கள் கார்புரேட்டரையும் மாற்றி அமைக்க நேர்வது இதனாலேயே.

சட்டமும் இதில் வாய் திறக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓசையை இயன்ற மட்டும் குறைக்கும் சைலென்ஸர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கின்றன. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் வழி ஏற்பட்டது. வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி காக்க வேண்டிய இடமாக அறிவிக்கலாம் என்பது 2000ஆம் ஆண்டின் விதி.

இந்தக் கடைசி விதியின் பொருள் ஆசிரியருக்குத் தெரிந்த அளவு பிறர்க்குத் தெரியாது. சாலையோரப் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் பணியாற்றியவன் நான். முழங்கும் வண்டி ஒன்று சாளரத்தைக் கடந்தால், ஆசிரியர் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேராது. முன் பெஞ்சுப் பிள்ளை திரும்பக் கேட்பான். பின் பெஞ்சுப் பிள்ளை கேட்கமாட்டான். கேளாமல் விட்ட வாக்கியம் சிலருக்குத் தேர்வு நாளிலும் புரியாமலே போய்விடும்.

இதனால் எனக்கு அவ்வெஞ்சின் ஒலியின்மேல் பகை என்று எண்ண வேண்டா. தந்தையார் தெருமுனையில் திரும்பும்போதே அவ்வொலியைக் கேட்டு என் தாயார் காப்பிக்கு அடுப்பை மூட்டுவார். ஆனால் திண்ணை ஓரத்துத் தூளியில் கிடந்த குழந்தை அதற்காக விழித்ததில்லை. எதிர்பார்த்திருப்போர் காதில் விழ வேண்டும், உறங்குவோரை எழுப்பலாகாது. அந்த அளவான ஒலியைத் தந்தது உள்தடுப்புகளோடு கூடிய பழைய சைலென்ஸரே. தந்தையாரின் வண்டியை அவர் ஓட்டியபடியே காக்க வேண்டுமானால், அடக்கமான சைலென்ஸரே அதற்கு உரியது.

மூன்றாவது வழியையே தேர்ந்தேன். தம்பி மகனுக்கு ஹாண்ட்லியின் கதையைச் சொன்னேன். அவன் முழுதும் இசைந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆயினும் சைலென்ஸரைப் பூட்டும்போது பட்டையைப் பிடித்துக்கொண்டு உடனிருந்தவன் அவனே. வண்டி அவன் கைக்கு வரும் நாளில், எதைப் பூட்டுவது என்பதை அவனே முடிவு செய்வான். அப்போது இந்தச் சரித்திரம் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஓர் ஆசிரியன் வேண்டுவது அவ்வளவுதான்.