படம் ஓகே... சீட்டும் டின்னரும்? அம்மா அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு புக் பண்ணுங்க!

வெள்ளிக்கிழமை புதுப்பட ரிலீஸ். ஆபீஸ் லஞ்ச் பிரேக்கில் ஆப்பைத் திறக்கிறீர்கள். 'அம்மா அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு' என்று திடீரென்று தோன்றுகிறது. சனிக்கிழமை மாலை ஷோவில் நாலு சீட் சேர்ந்தாற்போல இருப்பது, திரையிலிருந்து இரண்டாவது வரிசையில் மட்டும்தான். 'கிடைச்சதே பெருசு' என்று பணத்தைக் கட்டிவிடுகிறீர்கள்.

மறுநாள் என்ன நடக்கும்? சாப்பிடாமல் கிளம்பி, டிராஃபிக்கில் மாட்டி, டைட்டில் ஓடி முடிந்தபிறகு இருட்டில் தடவித் தடவி உள்ளே போவீர்கள். இன்டர்வெல் முழுக்க கேன்டீன் க்யூவில் போய்விடும். படம் முடிந்து வெளியே வரும்போது அம்மா கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அப்பா பசியில் பேசவே மாட்டார். "படம் நல்லாத்தான்பா இருந்துச்சு" என்பார்கள். ஆனால், அடுத்த தடவை கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, நாங்க ஓடிடியில பார்த்துக்குறோம்" என்று நைசாகக் கழன்றுகொள்வார்கள்.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு விதிதான். உங்கள் கூட்டத்தில் யாருக்குச் சிரமம் அதிகமோ, அவரை மனதில் வைத்து சீட்டையும் சாப்பாட்டு நேரத்தையும் முடிவு பண்ணுங்கள். மற்றவர்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம். சென்னையை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு ஒண்ணுதான், இடம்தான் வேற!

தமிழ்நாட்டில் தியேட்டர் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது. அதனால், ஐமேக்ஸ், ரிக்ளைனர் போன்றவற்றை விட்டுவிட்டால், சென்னையின் பெரும்பாலான மல்டிப்ளெக்ஸ்களில் நட்டநடு சீட்டுக்கும் ஓரத்து சீட்டுக்கும் ஒரே விலைதான். லண்டன், நியூயார்க் நாடக அரங்குகளில் நல்ல சீட் வேண்டும் என்றால் பல மடங்கு காசு கொடுக்கணும். இங்கே, கொஞ்சம் சீக்கிரம் புக் பண்ணினால் போதும். சீட் மேப்பை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பதற்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது.

மேப்பைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது, 'ஸ்கிரீன் இந்தப் பக்கம்' என்று காட்டும் கோடு. சில தியேட்டர்களில் ஏ வரிசை திரைக்குப் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் கடைசியில் இருக்கும். எழுத்தை மட்டும் நம்பி புக் பண்ணிவிட்டு, உள்ளே போய் 'ஐயோ' என்று தலையில் கை வைத்தவர்கள் நிறைய பேர்.

மூன்றில் இரண்டு பங்கு கணக்கு

திரையிலிருந்து வரிசைகளை எண்ணுங்கள். மொத்தம் 15 வரிசை என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு 10. ஒன்பது, பத்து, பதினொன்றாவது வரிசைகளில், நடுவில் இருக்கும் ஆறு ஏழு சீட்டுகள்தான் பொதுவாக பெஸ்ட்.

ஏன் அந்த இடம்? முதல் காரணம் சவுண்ட். தியேட்டரில் ஸ்பீக்கர்களை ட்யூன் செய்யும்போது, ஹாலின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுப்பகுதியில் மைக் வைத்து அளப்பது வழக்கம். படத்தை மிக்ஸ் செய்தவர் கேட்ட அதே பேலன்ஸ் உங்களுக்கும் கிடைக்கிற இடம் அதுதான். சுவரை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால், அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதைப் பிடித்துக் கத்தும். வசனம் பின்னால் போய்விடும். காது கொஞ்சம் மந்தமான தாத்தா பாட்டிக்கும், சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்கும் அந்த ஓரம் ஆகவே ஆகாது.

இரண்டாவது காரணம் கண். திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்க்க, சுமார் 36 டிகிரி கோணம் கிடைத்தால் படம் பெரிதாகவும் தெரியும், கண்ணும் களைக்காது. 12 மீட்டர் அகலத் திரை என்றால், அதற்கு சுமார் 18.5 மீட்டர் தள்ளி உட்காரணும். அதே திரையை 5 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் கோணம் 100 டிகிரியாகிவிடும். ஹீரோ ஒரு முனையில், வில்லன் மறுமுனையில் என்றால், டென்னிஸ் மேட்ச் பார்ப்பதுபோல தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். போதாததற்கு அண்ணாந்தும் பார்க்கணும். மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் இருபது வயசுக் கழுத்தே வலிக்கும், அறுபது வயசுக் கழுத்து என்ன ஆகும்?

நடு சீட் காலி ஆகிவிட்டதா? முன் வரிசையில் நடுவை எடுப்பதைவிட, கடைசி வரிசையில் நடுவை எடுங்கள். அதுவும் இல்லையா? நாலு பேரும் ஒரே வரிசையில்தான் உட்காரணும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரிசையில் இரண்டிரண்டு சீட் எடுத்தால், நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

முழங்கால் வலின்னா கணக்கு மாறும்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு ட்விஸ்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், அந்த பெஸ்ட் சீட் அவருக்கு பெஸ்ட் இல்லை.

பல மல்டிப்ளெக்ஸ்களில் நுழைவு வழி திரைக்குப் பக்கத்தில், கீழே இருக்கும். பத்தாவது வரிசைக்குப் போக அத்தனை படியும் மங்கலான வெளிச்சத்தில் ஏறணும். இன்டர்வெல்லில் பாத்ரூம் போக இறங்கி, மறுபடி ஏறணும். சில அரங்குகளில் நடு உயரத்திலோ, மேலேயோ கதவு இருக்கும். எந்த ஸ்கிரீனில் எப்படி என்று மேப் சொல்லாது. அடுத்த முறை நண்பர்களோடு போகும்போது நீங்களே நோட் பண்ணிவையுங்கள், அல்லது தியேட்டருக்கு போன் போட்டுக் கேளுங்கள். வீல்சேர் தேவைப்பட்டாலும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அம்மாவுக்கு நடைபாதையை ஒட்டிய சீட்டைக் கொடுங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். கோணம் கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை. ஓரச் சுவர் மட்டும் வேண்டாம், நடுப்பகுதியை ஒட்டிய நடைபாதையாகப் பாருங்கள்.

பழைய சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டருக்குப் போகிறீர்களா? பால்கனியின் முதல் வரிசை கெத்தாகத் தெரியும். ஆனால், சில இடங்களில் முன்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பி திரையின் அடிப்பகுதியை மறைக்கும். சப்டைட்டிலோடு மலையாளப் படம் பார்க்கும்போது அந்த வலி தெரியும். இரண்டு மூன்று வரிசை பின்னால் தள்ளி எடுங்கள்.

குட்டீஸ் இருந்தால், புக் பண்ணும் முன் சென்சார் சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ பிரிவே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது பெற்றோருக்கான வழிகாட்டுதல். ஆனால், 'ஏ' படம் என்றால் பெற்றோர் கூடவே வந்தாலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. வாசலில் நின்று வாக்குவாதம் பண்ணி பிரயோஜனமில்லை.

டின்னரை எப்போ முடிக்கணும்?

தமிழ்ப் படம் என்றாலே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வெல்லையும் பார்க்கிங்கையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம் கணக்கு. 6.30 மணி ஷோ என்றால் வெளியே வரும்போது மணி 10-ஐ நெருங்கும். அதற்கு மேல் ஹோட்டல் தேடி, சனிக்கிழமைக் கூட்டத்தில் டேபிளுக்குக் காத்திருந்தால் சாப்பிட 11 ஆகிவிடும்.

வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர் இருந்தால் இது விளையாட்டில்லை. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், சிலருக்குச் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு... இருட்டில் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. டாக்டர் சொன்ன நேரத்தை ஷோவுக்காக மாற்றாதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ற ஷோவைத் தேர்ந்தெடுங்கள். அப்பாவோடு போக மதியம் ஷோதான் பெஸ்ட். மதிய சாப்பாட்டை முடித்துவிட்டுப் போனால், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். மாலை ஷோதான் என்றால், 5 மணிக்கு டிபன், திரும்பி வந்ததும் வீட்டில் லேசாக ஏதாவது என்பது சரிவருமா என்று அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நைட் ஷோவுக்கு பின்னாலிருந்து எண்ணுங்கள். 10 மணிக்கு ஷோ. 9.40-க்கு உள்ளே இருக்கணும். பார்க்கிங், செக்கிங், லிஃப்ட் க்யூவுக்கு 20 நிமிடம். ஹோட்டலிலிருந்து 9 மணிக்குக் கிளம்பணும். அப்படியென்றால் 8 மணிக்காவது ஆர்டர் சொல்லியிருக்கணும். ஹோட்டல் தியேட்டருக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் பாதி டென்ஷன் போச்சு.

நைட் ஷோவில் இன்னொரு விஷயம், மெட்ரோ ரயில் இரவு 11 மணிவாக்கில் முடிந்துவிடும். படம் விட நள்ளிரவு தாண்டிவிடும். போகும்போது மெட்ரோ, வரும்போது கேப் என்று முன்பே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

எங்கே படம், எங்கே சாப்பாடு?

அண்ணா சாலை: 1970-ல் தொடங்கிய தேவி தியேட்டர் இங்கேதான். அப்பா காலேஜ் கட் அடித்துப் படம் பார்த்த இடமாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்! அசைவம் என்றால் அதே சாலையில் 1951 முதல் இருக்கும் புஹாரி. 'சிக்கன் 65' பிறந்த இடம் என்று சொல்லப்படுவது இந்த ஹோட்டலைத்தான். மெட்ரோவில் வருபவர்களுக்கு அரசினர் தோட்டம் ஸ்டேஷன் வசதி.

ராயப்பேட்டை: 1974-ல் தொடங்கிய சத்யம். இங்கே பாப்கார்னுக்குத் தனி ரசிகர் மன்றமே உண்டு. ஆனால், பாப்கார்ன் டின்னர் ஆகாது பாஸ். செட்டிநாட்டு ஸ்டைல் அசைவத்துக்கு ராயப்பேட்டை பொன்னுசாமி. சைவம் என்றால், திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. 1948 முதல் இருக்கும் கடை. அங்கிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம்.

வடபழனி: மாலுக்குள்ளேயே பலாஸோ. வெயில், மழை, பார்க்கிங் கவலை இல்லை, லிஃப்டும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுபோன்ற மால் தியேட்டர்தான் சௌகரியம். ஃபுட் கோர்ட்டில் ஆளுக்கொரு டேஸ்ட்டுக்குச் சாப்பிடலாம். வெளியே ஆற்காடு சாலையில் டிபன் கடைகளுக்கும் பஞ்சமில்லை.

பிரியாணியா, இட்லியா?

ஷோவுக்கு முன்னால் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏசியில், இருட்டில், சாய்ந்து உட்கார்ந்தால் செகண்ட் ஆஃப் கனவில்தான் ஓடும். இட்லி, இடியாப்பம், தோசை மாதிரி லேசான சாப்பாடு நல்லது. பிரியாணி ஆசையை மதியம் ஷோ முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். காரமும் எண்ணெயும் தூக்கலான ஐட்டம், சாப்பிட்டதும் சாய்ந்தால் நெஞ்சைக் கரிக்கும். தண்ணீரையும் காபியையும் ஷோவுக்கு அரை மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, ஒருமுறை பாத்ரூம் போய்வந்துவிட்டால் க்ளைமாக்ஸில் எழுந்து ஓட வேண்டாம்.

வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போகலாமா? வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால், அதே உத்தரவில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரணும், கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் எடுத்துவரத் தடை போடக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே பாட்டில் தண்ணீர் வாங்கியே ஆகணும் என்று இல்லை, குடிநீர் எங்கே என்று தைரியமாகக் கேளுங்கள். அப்பாவுக்காக குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருந்தால், செக்கிங்கில் காரணத்தைச் சொல்லுங்கள்.

பே பட்டனை அமுக்கும் முன்...

* ஸ்கிரீன் எந்தப் பக்கம் என்று மேப்பில் பார்த்தாச்சா?
* மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் சீட் இருக்கா?
* முழங்கால் வலி உள்ளவருக்கு நடைபாதை சீட் எடுத்தாச்சா? படி எத்தனை?
* ஷோ முடியும் நேரம், மாத்திரை நேரம் இரண்டும் இடிக்கிறதா?
* ஹோட்டலிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று எல்லோருக்கும் சொல்லியாச்சா?
* குழந்தை இருந்தால் சான்றிதழ் பார்த்தாச்சா?

இதில் ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அந்த ஷோவை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷோவைத் திறந்து பாருங்கள். முதல் நாள் முதல் ஷோ உங்கள் கேங்குக்கு. அம்மா அப்பாவுக்கு இரண்டாவது வாரம் போதும். கூட்டம் குறைந்திருக்கும், நல்ல சீட் காலியாக இருக்கும், ஹோட்டலில் டேபிளும் கிடைக்கும். 'முன்னாடியே போகலையே' என்று அவர்கள் வருத்தப்படப் போவதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அடுத்து என்ன படம் வருது?" என்று அப்பாவே கேட்டால், சீட் செலக்‌ஷன் சக்சஸ்!